மூன்று நாள் தனியாக இருக்க எங்கே போகலாம்?

"எங்கேயாவது போய் மூன்று நாள் யாரோடும் பேசாமல் இருந்துவிட்டு வரணும்" என்று ஒரு தடவையாவது சொல்லாதவர்கள் குறைவு. சொன்ன கையோடு போனை எடுத்துக் கொடைக்கானலில் ரூம் தேடுவோம். படத்தில் பனிமூட்டம், ஒரு மர நாற்காலி, பக்கத்தில் காபி. பணம் கட்டிப் போய் இறங்கினால் முதல் நாள் சாயங்காலத்துக்குள் பனிமூட்டம் பழகிவிடும். இரண்டாம் நாள் வீட்டில் பார்த்த அதே ரீல்ஸை மலை உச்சியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்போம். இடம் அழகாக இருந்தால் மனம் தானாக அடங்கிவிடும் என்று நம்பிக் காசைக் கொட்டுகிறோம்.

சும்மா இருப்பது அவ்வளவு லேசு இல்லை. 2014-இல் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் திமோத்தி வில்சனும் அவருடைய குழுவினரும் செய்தது. வெறும் அறையில், போனோ புத்தகமோ இல்லாமல், கால் மணி நேரம் யோசித்தபடி உட்காரச் சொன்னார்கள். பக்கத்தில் ஒரு பட்டன். அழுத்தினால் ஷாக் அடிக்கும். அந்த ஷாக் எப்படி இருக்கும் என்று முன்பே பட்டுப் பார்த்து, "காசு கொடுத்தாவது இதைத் தவிர்ப்பேன்" என்று சொன்னவர்கள்தான் உட்கார்ந்திருந்தார்கள். இருந்தும் 18 ஆண்களில் 12 பேர் அழுத்தினார்கள். 24 பெண்களில் 6 பேர். கால் மணி நேரத்துக்கே இந்தக் கதி என்றால் மூன்று நாளைக்கு என்ன ஆகும்?

அதனால் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நான் அழகைக் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் கேட்பது மூன்று: அங்கே யார் சமைக்கிறார்கள்? என் நேரத்தை யார் தீர்மானிக்கிறார்கள்? போன் எங்கே இருக்கும்?

சமையலை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. தனிமைக்குப் பேர்போனவர்களின் வாழ்க்கையைக் கொஞ்சம் கிளறினால் பின்னால் ஓர் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். அரவிந்தர் 1926 நவம்பர் 24-க்குப் பிறகு 1950-இல் மறையும் வரை அறைக்குள்ளேயேதான் இருந்தார். வருடத்தில் சில தரிசன நாட்கள் மட்டும் வெளியே தெரிந்தார். அந்த 24 வருடமும் அவருடைய சாப்பாட்டையும் மற்ற வேலைகளையும் ஓர் ஆசிரமமே பார்த்துக்கொண்டது. ரமணர் 1896 செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலைக்கு வந்தார். விருபாட்ச குகையில் இருந்த வருடங்களில் பக்தர்கள் கொண்டுவந்ததையும் அடியார்கள் ஊருக்குள் பிச்சை எடுத்து வந்ததையும் எல்லாரும் பகிர்ந்து சாப்பிட்டார்கள். 1916-இல் அவருடைய அம்மா அழகம்மாள் வந்து சேர்ந்து ஸ்கந்தாசிரமத்தில் அடுப்பு மூட்டினார். நமக்கு மட்டும் தனியாகவும் இருக்கணும், மூன்று வேளை என்ன சாப்பிடுவது என்றும் யோசிக்கணும் என்றால் நடக்கிற காரியமா?

சரி, இனி இடங்களைப் பார்க்கலாம். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் இருப்பவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ரிஷிகேஷ் வரை போய்த்தான் ஆகணும் என்பவர்களுக்கு இது உதவாது.

இந்தப் பேச்சை எடுத்தாலே யாராவது ஒருவர் "விபாசனா போயிட்டு வாங்க" என்பார். பேசாமல் உட்கார்ந்து பழகும் தியானப் பயிற்சி அது. சென்னைக்காரர்களுக்குத் திருமுடிவாக்கத்தில் தம்ம சேது மையம் இருக்கிறது. பத்து நாள் பயிற்சி என்று பெயர். போகும் நாளையும் திரும்பும் நாளையும் சேர்த்தால் பன்னிரண்டு. கட்டணம் கிடையாது. முன்பு பயிற்சி முடித்தவர்கள் கொடுக்கும் நன்கொடையில்தான் நடக்கிறது. புதிதாக வருபவர்கள் பயிற்சியை முடித்த பிறகுதான் அவர்களிடமிருந்து நன்கொடையே வாங்குவார்கள். காலை நான்கு மணிக்கு மணி அடிக்கும். நாலரைக்குத் தியானம், ஆறரைக்குச் சிற்றுண்டி, பதினொன்றுக்கு மதியச் சாப்பாடு. சாயங்காலம் ஐந்து மணிக்குப் புதியவர்களுக்குப் பழமும் டீயும், பழையவர்களுக்கு எலுமிச்சைச் சாறு மட்டும். ராத்திரிச் சாப்பாடு இல்லை. ஒரு நாளைக்குச் சுமார் பத்து மணி நேரம் உட்கார வேண்டும். போனை முதல் நாளே வாங்கி வைத்துவிடுவார்கள். படிக்கக்கூடாது, எழுதக்கூடாது. பக்கத்தில் இருப்பவரோடு பேச்சு மட்டுமல்ல, சைகையும் கூடாது. பத்தாம் நாள்தான் வாய் திறக்கலாம்.

என்னுடைய மூன்று கேள்விக்கும் இங்கே முழு மதிப்பெண். சமையல் அவர்கள், நேரம் அவர்கள், போன் அவர்கள் அலமாரியில். ஆனாலும் முதல் தடவை தனிமை தேடுகிறவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். நீங்கள் கேட்டது ஓய்வு. இங்கே கிடைப்பது பயிற்சி, அதுவும் கடுமையான பயிற்சி. நான்காம் நாள் வரை மூச்சைக் கவனிப்பது, பிறகு உடம்பின் உணர்ச்சிகளைக் கவனிப்பது, அதற்கப்புறம் ஒரு மணி நேரம் கை கால் அசைக்காமல் உறுதியோடு உட்காருவது என்று படிப்படியாக ஏற்றிக்கொண்டே போவார்கள். இரண்டாம் நாளும் ஆறாம் நாளும் கிளம்பிவிடத் தோன்றும் என்று அங்கேயே முன்கூட்டிச் சொல்லிவிடுவார்கள். முழங்கால் கெஞ்சும். அப்புறம், ஒரே கூடத்தில் பல பேரோடு உட்கார்ந்திருப்பீர்கள். ஒருவர் இருமினால் கூடமே வரிசையாக இருமும். இதைத் தனிமை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இதை இந்தியாவுக்குக் கொண்டுவந்த கோயங்கா மாந்தலேயில் பிறந்த வியாபாரி. தீராத ஒற்றைத் தலைவலிக்கு மருந்து தேடிப் போய், பர்மாவின் தலைமைக் கணக்காயராக இருந்த ஊ பா கின்னிடம் இதைக் கற்றுக்கொண்டவர். ஒரு கணக்கு அதிகாரி வழியாக வந்த முறை என்பதாலோ என்னவோ, நேரக் கணக்கு துல்லியமாக இருக்கும்.

பன்னிரண்டு நாள் லீவு கிடைப்பவர்கள், ஒரு முறையை ஒழுங்காகக் கற்க நினைப்பவர்கள், ஏற்கெனவே அரை மணி நேரமாவது அசையாமல் உட்காரப் பழகியவர்கள் தாராளமாகப் போகலாம். விண்ணப்பம் இணையத்தில்தான். இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும், அதனால் முன்பே பார்க்க வேண்டும். பெண்களுக்குத் தங்குமிடம், சாப்பாட்டுக்கூடம் எல்லாம் தனி. "பத்து நாள் போன் எடுக்க மாட்டேன்" என்று சொல்லி மாமியாரைச் சம்மதிக்க வைப்பதுதான் கஷ்டமான பகுதி என்று போய்வந்த பெண்கள் சொல்வார்கள்.

அடுத்து திருவண்ணாமலை. ரமணாசிரமத்தில் தங்குவதற்கு முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். அறைக்கு வாடகை என்று ஒன்று இல்லை, விரும்பினால் நன்கொடை. புதிதாக வருபவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று நாள் கொடுப்பார்கள். நம் கணக்குக்கு அது சரியாகப் பொருந்துகிறது. மணி அடித்ததும் சாப்பாட்டுக்கூடத்தில் தரையில் வரிசையாக உட்கார்ந்தால் இலை போட்டுப் பரிமாறுவார்கள். யார் எந்த ஊர், என்ன ஜாதி என்ற விசாரிப்பெல்லாம் இல்லை. காலையில் வேத பாராயணம், சாயங்காலம் தமிழ்ப் பாராயணம் உண்டு. ஆனால் எதற்கும் வந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. ரமணர் உட்கார்ந்திருந்த பழைய ஹாலில் போய்ச் சுவரோரமாகச் சாய்ந்துகொண்டால் யாரும் உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஆசிரமத்தின் பின்பக்கத்திலிருந்து ஸ்கந்தாசிரமத்துக்குக் கல் பாவிய பாதை போகிறது. பகல் நேரத்தில் மெதுவாக ஏறினால் முக்கால் மணி நேரம். மேலேயிருந்து கோயில் கோபுரங்கள் கோட்டுச் சித்திரம் மாதிரி தெரியும்.

இங்கே நேரம் உங்கள் கையில். அதுவே இதன் பலம், அதுவே பலவீனமும். சாப்பாட்டு மணிக்கு நடுவில் என்ன செய்வது என்று தெரியாமல் செங்கம் ரோட்டுக்கு வந்து டீக்கடை, புத்தகக்கடை, கஃபே என்று சுற்ற ஆரம்பித்தால் முடிந்தது. வாசலுக்கு வெளியே பஸ் ஹாரன் ஓயாது. மயில்கள் வேறு, நினைத்த நேரத்தில் அகவும். தேதி பார்க்காமல் கிளம்பினால் இன்னும் மோசம். பௌர்ணமி அன்று 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கில் ஜனம் நடக்கும். கார்த்திகை தீபத்துக்கு ஊரே தாங்காது. டிசம்பர், ஜனவரியில் வெளிநாட்டுக்காரர்கள் கூட்டம். தனிமைக்கு வருபவர் அமாவாசைக்குப் பக்கத்தில், ஒரு திங்களோ செவ்வாயோ வந்து இறங்கினால் ஊர் வேறு மாதிரி இருக்கும்.

இப்போது என் மனதுக்கு நெருக்கமான இடத்துக்கு வருகிறேன். திருச்சியிலிருந்து கரூர் போகும் சாலையில் சுமார் 35 கிலோமீட்டரில், குளித்தலைக்குப் பக்கத்தில் தண்ணீர்பள்ளி. அங்கே காவிரிக் கரையில் தென்னைக்கு நடுவே சாந்திவனம் என்ற சச்சிதானந்த ஆசிரமம். 1950-இல் ஜூல் மோன்சானின், ஆன்றி லெ சோ என்ற இரண்டு பிரெஞ்சுப் பாதிரியார்கள் காவி கட்டிக்கொண்டு தொடங்கியது. 1968-இல் பீட் கிரிஃபித்ஸ் என்ற இங்கிலாந்துத் துறவி வந்து பொறுப்பெடுத்தார். 1993-இல் அவர் காலமான பிறகும் ஆசிரமம் நடந்துகொண்டிருக்கிறது. கிறிஸ்தவ ஆசிரமம்தான், ஆனால் கோயில் கோபுரம் வைத்துக் கட்டியிருக்கும். காலை வழிபாட்டில் சந்தனம், மதியம் குங்குமம், மாலையில் விபூதி. உபநிடதமும் வாசிப்பார்கள், பைபிளும் வாசிப்பார்கள், பஜனையும் உண்டு. எந்த மதத்தவரும் தங்கலாம். வழிபாட்டுக்கு வரவில்லை என்றால் யாரும் கேட்க மாட்டார்கள்.

சின்னச் சின்ன அறைகள், கட்டில், மேசை, மின்விசிறி. இதற்கு மேல் எதிர்பார்க்கக்கூடாது. தரையில் உட்கார்ந்து சாப்பாடு, சாப்பிட்ட தட்டை நாமே கழுவி வைக்க வேண்டும். விருப்பமிருந்தால் காலையில் காய் நறுக்க உட்காரலாம். எனக்கு இந்த இடம் பிடித்ததற்குக் காரணமே இந்த மாதிரி சின்ன வேலைதான். நாள் முழுக்க வேலையே இல்லாமல் கிடந்தால் புதியவருக்குப் பைத்தியம் பிடிக்கும். நாள் முழுக்க வேலை இருந்தால் வந்ததில் அர்த்தமில்லை. ஒரு கூடை வெண்டைக்காய், பிறகு பத்து மணியிலிருந்து மதியம் வரை உங்களுக்கே உங்களுக்கான நேரம், மணி அடித்தால் சாப்பாடு. விடியும்போதும் பொழுது சாயும்போதும் தியானத்துக்கென்று நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த நேரத்தில் ஆற்றங்கரைக்குப் போய் உட்கார்ந்துவிடலாம். கோடையில் காவிரி என்றால் மணல்தான். தண்ணீர் திறந்துவிட்ட பிறகு போனால் அகலம் பார்த்து அசந்துபோவீர்கள். கட்டணம் என்று விலைப்பட்டியல் இல்லை, கிளம்பும்போது முடிந்ததைக் கொடுப்பதுதான்.

குறையும் சொல்லிவிட வேண்டும். நெடுஞ்சாலை பக்கத்திலேயே இருப்பதால் லாரிச் சத்தம் லேசாக வந்துகொண்டே இருக்கும், திருச்சி–ஈரோடு லைனில் ரயில் போவதும் கேட்கும். ஏப்ரல், மே மாதங்களில் கரூர் மாவட்ட வெயிலை அங்கே பிறந்தவர்களே திட்டுவார்கள். வெளிநாட்டு விருந்தினர் குழுவாக வந்திருக்கும் வாரம் என்றால் சாப்பாட்டு வேளைக்குப் பிறகு பேச்சு கொஞ்சம் நீளும். இன்னொரு விசித்திரம்: இந்த இடத்தை நிறுவிய இருவரில் ஒருவரான லெ சோவுக்கே இங்கிருந்த அமைதி போதவில்லை. அபிஷிக்தானந்தர் என்று பெயர் வைத்துக்கொண்ட அவர், 1950-களில் அடிக்கடி அருணாசல மலைக் குகைகளுக்குப் போய்த் தங்கினார். 1968-இல் சாந்திவனத்தையே விட்டுவிட்டு இமயமலைப் பக்கம் உத்தரகாசிக்குப் போய்விட்டார். நமக்கு அந்த அளவுக்குத் தேவைப்படாது என்றே நினைக்கிறேன்.

கொடைக்கானல் போய்த்தான் ஆகணும் என்று அடம் பிடிப்பவர்களுக்கு ஒரு மாற்று இருக்கிறது. மலைச்சாலையில் கொடைக்கானலுக்குக் கொஞ்சம் முன்னால் வரும் பெருமாள்மலையில் போதி ஜென்டோ என்ற ஜென் தியான மையம். அமா சாமி என்ற இயேசு சபைப் பாதிரியார் ஜப்பானிய ஆசிரியர் யமடா கோவுனிடம் ஜென் பயின்று வந்து 1996-இல் தொடங்கியது. கோயங்கா மாதிரி இவரும் பர்மாவில் பிறந்தவர், ஆனால் தமிழர். நம் ஊரில் வாயை மூடிக்கொண்டு உட்காரும் இரண்டு வழிகளுக்கும் பர்மாத் தொடர்பு இருப்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம். இங்கே ஒரு நாளைக்குப் பல வேளை சுவரைப் பார்த்தோ தரையைப் பார்த்தோ உட்கார்ந்து தியானம், நடுவில் தோட்டம், சமையலறை, கூட்டிப் பெருக்குதல் என்று ஒரு மணி நேர வேலை. பெரும்பாலும் மௌனம். தங்கலுக்குக் கட்டணம் உண்டு. விபாசனாவைவிட இளக்கம், சாந்திவனத்தைவிட இறுக்கம். ஏற்கெனவே தியானம் தொட்டுப் பார்த்தவர்களுக்கு, குளிர் பிடித்தவர்களுக்கு நல்ல தேர்வு. சொந்த வண்டியில் போவதானால் இ-பாஸ் எடுக்க மறந்துவிடாதீர்கள். 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் அது கட்டாயம்.

புதுச்சேரியை மௌனத்துக்காக நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஆனால் தனியாக இருந்தே பழகாதவர்கள் ஒத்திகை பார்க்க நல்ல ஊர். கடற்கரைச் சாலையின் தெற்குக் கடைசியில் அரவிந்தர் ஆசிரமத்தின் பார்க் கெஸ்ட் ஹவுஸ் இருக்கிறது. கடலைப் பார்த்த அறைகள், மது, சிகரெட் கிடையாது, இரவு குறித்த நேரத்துக்குள் உள்ளே வந்துவிட வேண்டும். இந்தக் கட்டுப்பாடுகளால் கும்மாளக் கூட்டம் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. ஆசிரமத்தில் அரவிந்தரின் சமாதி இருக்கும் முற்றத்தில் எத்தனை பேர் இருந்தாலும் சத்தம் இருக்காது. வெளியே வந்தால் ஊர் வழக்கம்போல. வார இறுதியில் பெங்களூரும் சென்னையும் அங்கேதான் இருக்கும்.

மலைவாசத்தல ஹோம்ஸ்டே, ரிசார்ட் வகையறா பற்றி ஆரம்பத்திலேயே கொஞ்சம் முணுமுணுத்துவிட்டேன். வால்பாறை, கொல்லிமலை, ஏற்காடு எல்லாம் நல்ல ஊர்கள்தான். குடும்பத்தோடு போகலாம், நண்பர்களோடு போகலாம். தனிமைக்கு என்றால் என் மூன்று கேள்வியிலும் இவை தடுக்கி விழுகின்றன. சாப்பாடு கிடைக்கும், ஆனால் "நைட்டுக்கு என்ன சார் பண்ணட்டும், சப்பாத்தியா, பிரைட் ரைஸா?" என்று மூன்று வேளையும் முடிவெடுக்கச் சொல்வார்கள். நேரத்துக்கு எந்த எல்லையும் இல்லை. போன் கையிலேயே இருக்கும், வைஃபை பாஸ்வேர்டை வாசலிலேயே ஒட்டியிருப்பார்கள். பக்கத்து அறையில் ஒரு காலேஜ் கூட்டம் புளூடூத் ஸ்பீக்கரோடு வந்து இறங்கினால் அதோடு சரி.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். நம் ஊர் லாட்ஜ்களில் தனியாக வருபவர் என்றாலே கொஞ்சம் சந்தேகமாகப் பார்ப்பார்கள். "ஒருத்தர்தானா? கூட யாரும் வரலையா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் சாவியைத் தருவார்கள். சில இடங்களில் தனி ஆளுக்கு ரூமே இல்லை என்பார்கள். அவர்கள் பயம் என்ன என்று நமக்குத் தெரியும், அதில் நியாயமும் இருக்கிறது. தனியாகப் போகும் பெண்ணாக இருந்தால் கேள்விகள் இன்னும் கூடும், ராத்திரி கதவைத் தட்டி "ஏதாவது வேணுமா மேடம்" என்று கேட்பதும் நடக்கும். ஆசிரமங்களில் இந்தத் தொல்லை இல்லை. தனியாக வருவதுதான் அங்கே வழக்கம். ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர் தோள்பையோடு தனியாக வந்து இறங்கினால் யாரும் புருவத்தை உயர்த்துவதில்லை. முதல் தடவை போகும் பெண்களுக்கு இதற்காகவே ஆசிரமங்களைச் சொல்வேன்.

வீட்டிலேயே இருந்துவிடலாமே என்று கேட்கலாம். செலவில்லாத வழி. குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டு மூன்று நாள் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பது. தத்துவமாகப் பார்த்தால் இதுவே உயர்ந்தது. வீட்டை விட்டுக் காட்டுக்குப் போகவா என்று கேட்டவர்களை ரமணர் பெரும்பாலும் தடுத்தார், ஏகாந்தம் மனத்தில்தான் என்பது அவர் கட்சி. இருக்கலாம். ஆனால் என் அனுபவத்தில் இருப்பதிலேயே கடினமான வழி இதுதான். அலமாரி கண்ணில் படும், அடுக்கலாமே என்று தோன்றும். கேஸ்காரர் வருவார். பிரிட்ஜில் இருக்கும் மாவு புளித்துக்கொண்டிருக்கும். ஆண்களுக்காவது ஸ்விக்கி போட்டுக்கொண்டு சமாளிக்கத் தெரியும். பெண்களுக்கு வீடு என்பதே முடியாத வேலைப்பட்டியல், ஆள் இல்லாத மூன்று நாளில் பரணைச் சுத்தம் செய்து முடித்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்களை எனக்குத் தெரியும்.

மூன்று நாள் கிடைக்காது, மூன்று மணி நேரம்தான் என்பவர்கள் வீட்டைவிட நூலகத்தை நம்பலாம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கும் பகுதியைப் போட்டித்தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் காலையிலேயே பிடித்துவிடுவார்கள். மேல்தளங்களில் மதிய நேரத்தில் ஜன்னலோர இடம் கிடைக்கும். அடையாறு தியசாபிகல் சொசைட்டியின் தோட்டம் இருநூற்றைம்பது ஏக்கருக்கு மேல், நகரத்துக்கு நடுவில். உள்ளே விடும் நேரம் குறைவு, முன்பே விசாரித்துவிட்டுப் போங்கள். ஒரு மணி நேரம் அங்கே நடந்துவிட்டு வந்தாலே அன்றைய சள்ளை பாதி குறையும்.

ஊர் எதுவானாலும் காலண்டரைப் பார்க்காமல் கிளம்பக்கூடாது. ஆடி மாதம் மைக் செட்டுக்குத் தப்பிய கிராமம் தமிழ்நாட்டில் இல்லை. மார்கழியில் விடியற்காலை நாலரைக்கே ஒலிபெருக்கி கட்டிவிடுவார்கள். தேர்தல் சமயம் என்றால் சொல்லவே வேண்டாம். ஆவணி, புரட்டாசியில் பண்டிகைகளுக்கு இடையே ஒரு வாரம், அல்லது பொங்கல் கூட்டம் ஓய்ந்த பிறகு தை கடைசியிலிருந்து மாசி வரை. இந்த இரண்டு இடைவெளியும் சுமாராகத் தேறும்.

இவ்வளவு சொன்ன பிறகு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். யாரும் இல்லையே என்ற ஏக்கம் மென்று தின்கிற நிலையில் இருப்பவர்கள், சமீபத்தில் நெருங்கியவரை இழந்தவர்கள், மன அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள் மௌனத்தை மருந்தாக நினைத்து ஓட வேண்டாம். விபாசனா விண்ணப்பத்திலேயே மனநலச் சிகிச்சை பற்றிக் கேட்பார்கள், மறைக்காமல் எழுதுங்கள். இந்த நிலையில் முதலில் வேண்டியது மனிதர்கள். மருத்துவரிடம் பேசுங்கள், உடனே யாரிடமாவது பேச வேண்டும் என்றால் டெலி மனஸ் உதவி எண் 14416 இருக்கிறது, தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை.

மற்றவர்களுக்கு என் தீர்ப்பு: முதல் தடவை என்றால் சாந்திவனம், திங்கள் போய் வியாழன் திரும்புவது மாதிரி. பாதிரியார் நடத்தும் இடம் என்று வீட்டில் தயங்கினால் ரமணாசிரமம், பௌர்ணமி இல்லாத வாரமாக. இரண்டில் ஒன்றுக்குப் போய்வந்து, இன்னும் ஆழமாக வேண்டும் என்று தோன்றினால் அடுத்த வருடம் பெருமாள்மலை. விபாசனா அதற்கும் பிறகு. வரிசையை மாற்றி முதலிலேயே பன்னிரண்டு நாளில் குதித்து நன்றாக இருந்தது என்பவர்களும் உண்டு, அவர்கள் முழங்கால் வேறு ரகம்.

கொண்டுபோவதற்குப் பெரிதாக ஒன்றும் வேண்டாம். போர்வை, டார்ச், கொசுவத்தி, ஒரே ஒரு புத்தகம். இரண்டு புத்தகம் எடுத்துப் போனால் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ஆசிரமங்களில் போனை யாரும் பிடுங்கி வைக்கப் போவதில்லை, அதனால் அதை நீங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். கிளம்பும் முன் ஆசிரம அலுவலக எண்ணை வீட்டில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள், அவசரம் என்றால் அங்கே கூப்பிடட்டும். காலையில் ஒரு தடவை "நல்லா இருக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை அணைத்துப் பையின் அடியில், அழுக்குத் துணிக்குக் கீழே போட்டுவிடுங்கள்.